கரண்ட் போன நேரத்தில் கேட்ட கேள்வி

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

பயிற்சியின் கடைசி நாளில் ஓய்வு பெற்ற யாரையாவது கூப்பிட்டுப் பேசவைப்பது நம் அலுவலக வழக்கம். மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஊருக்குக் கிளம்பும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும். அதில் போட்டு மூட ஒரு ஆள் வேண்டும். முழங்கால் தேய்ந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்ட என்னைப் போன்றவர்கள் அதற்கு வாகாக இருக்கிறோம். அன்று நான் பேசியபோது உங்களில் பாதிப் பேர் தூங்கினீர்கள். அதனால் அதை எழுதியும் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பது, எந்தக் கேள்விக்குப் பின் எந்தக் கேள்வி என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் உங்கள் கையிலிருக்கும் டேப்லெட் சொல்லிவிடும். நான் சொல்லக்கூடியது வேறு. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் இந்த வேலையில் நான் தலைகுனிந்த இடங்களைச் சொல்லலாம். அந்த விஷயத்தில் எனக்குப் போதிய அனுபவம் உண்டு.

நாங்கள் அளந்தது இதைத்தான்: வயதான பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நடுவில் யார் யாருக்கு என்ன செய்கிறார்கள். சமைத்துப் போடுவது, துணி துவைப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, குளிப்பாட்டுவது, உட்கார்ந்து பேச்சுக் கேட்பது. சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் குவைத்துக்கும் வரிசை கட்டிக் கிளம்பிய காலம் அது. ஊரில் தங்கிவிட்ட பெரியவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எங்கேயோ யாருக்கோ கவலை வந்தது. கவலை அவர்களுடையது. வெயிலில் நடந்தது நாங்கள்.

நான் கேட்ட முதல் ஆளே எனக்குப் பாடம் எடுத்துவிட்டார். புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு தோப்பு. பம்புசெட் தொட்டியில் குளித்துவிட்டு ஒருவர் ஏறி வந்தார். எழுபது வயதிருக்கும், உடம்பு தேக்குக்கட்டை. நான் வரிசை மாறாமல் கேட்டேன்: “குளிப்பதற்கு உங்களுக்கு யாராவது உதவுகிறார்களா?”

அவர் துண்டைப் பிழிந்துகொண்டே, “உனக்கு யாரு குளிப்பாட்டறாங்க?” என்றார்.

“நானேதான் குளிக்கிறேன்.”

“பாத்தா தெரில.”

இரண்டாவது பாடம், பெரியவர்களைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது. பிள்ளையோ மருமகளோ பக்கத்தில் நின்றால் பதில் கோணிவிடும் என்று கையேட்டில் போட்டிருக்கும். நம் ஊர்களில் ஒருவரைத் தனியாகப் பிடிக்க வேண்டுமென்றால் அவர் கிணற்றுக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஒரு உபாயம் வைத்திருந்தோம். எங்கள் குழுவில் லாவண்யா என்று ஒரு பெண், சித்தூர்க்காரி. நான் மாமியாரோடு பேச உட்கார்ந்ததும் அவள் மருமகளிடம் ஊறுகாய்ப் பக்குவம் கேட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். காணிப்பாக்கத்தில் ஒரு அம்மா, மருமகள் இருக்கும்வரை, “எம் மருமவ தங்கம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மருமகள் ஜாடியை எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் சாய்ந்தார். சரி, உண்மை வரப்போகிறது என்று பேனாவைத் திறந்தேன். “நெசமாவே தங்கம்தான் நைனா. முன்னாடி சொன்னா தலைக்கி ஏறிடும்னு கொறச்சி சொன்னேன்” என்றார்.

என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. பயிற்சி முழுக்க அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பதில் சொல்கிறவர் தலையைக் குனிந்தால் பேனாவை மூடிவிடு, அடுத்த கேள்விக்குப் போகாதே. நான் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தலையாட்டுவது நன்றாக வரும். அதன் பிறகு நகரிக்குப் போனேன்.

நகரியில் நாங்கள் போன தெரு முழுக்க விசைத்தறி. வீட்டுக்கு முன்பக்கம் தறிக்கூடம், பின்பக்கம் குடித்தனம். காலையில் ஆரம்பித்தால் தெருவே ஒரு ரயில் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பேச வேண்டுமென்றால் வாயைக் காதோடு வைக்க வேண்டும், அல்லது கத்த வேண்டும். அங்கிருப்பவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். எங்களுக்கு அந்த வித்தை கிடையாது. லாவண்யாவின் குரல் எடுபடவில்லை. எனக்கு இயற்கையிலேயே மேடைக் குரல். அதனால் அந்த வீட்டில் நானே கேட்கிறேன் என்று முன்வந்தேன். என் வாழ்க்கையில் நான் முன்வந்த இடங்கள் குறைவு. ஏன் என்று இனி தெரியும்.

வீடு சேகருடையது. தறி ஓட்டுகிறவன், முப்பது வயதுக்காரன். அவனோடு இருந்த அப்பா முனுசாமியைத்தான் நாங்கள் கேட்க வேண்டும். அப்பா உங்களுக்கு என்ன செய்கிறார் என்று சேகரை முதலில் கேட்டபோது, “நைனாவா? அவரு இன்னா சார் செய்வாரு, வயசாயிப்போச்சி. துன்னுட்டு சும்மா குந்திக்கினு இருப்பாரு. நல்லா பாத்துக்கறோம்” என்றான். அப்பா எங்களுக்கு எதுவும் செய்வதில்லை என்ற இடத்தில் நான் டிக் போட்டேன். போட்டுவிட்டு நிமிர்ந்தால், முனுசாமி தறிக்கூடத்து மூலையில் உட்கார்ந்து தறிகளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிய கட்டைகள் கூடையில் குவிந்துகொண்டே இருந்தன. பார்த்தேன். டிக்கை மாற்றவில்லை. கேட்ட கேள்விக்கு வந்த பதிலைத்தான் போட வேண்டும், கண்ணால் பார்த்ததைப் போடக் கூடாது என்பது விதி.

முனுசாமி மெலிந்த மனிதர். தெருவில் அவருக்கு நல்ல மரியாதை. காரணத்தை எதிர் வீட்டு இந்திராம்மாவே வாசலில் எங்களைப் பிடித்துச் சொல்லியிருந்தார்: “பெரிய பக்திமான் சாரு. மாசாமாசம் மொத சனிக்கெயம திருப்பதிக்கி போய் மல ஏறிட்டு வருவாரு. நெத்தி நெறைய நாமம். வரும்போது லட்டு கொண்டாந்து தெருவுக்கே குடுப்பாரு. நாங்க கண்ணுல ஒத்திக்கினு துன்னுவோம்.”

நான் முனுசாமியின் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, கத்த ஆரம்பித்தேன்.

“மனைவி இருக்காங்களா?”

“இருக்கா!”

“இந்த வீட்லயா?”

“இல்ல!”

எங்கள் கேள்வித்தாளில் இதற்கு இடமில்லை. மனைவி உயிரோடு இருந்தால் கூட இருப்பாள் என்று ஹைதராபாத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள் நம்பியிருந்தார்கள். கூட இல்லாவிட்டால் அதற்கு ஒரே ஒரு எண்தான் உண்டு, நான்கு: பிரிந்தவர். கோர்ட்டுக்குப் போனவர்கள், விட்டுவிட்டு ஓடியவர்கள், அடித்துத் துரத்தப்பட்டவர்கள் எல்லாருக்கும் அந்த நான்கு. எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் விளக்கம் கேள் என்று கையேடு சொல்கிறது.

“ஏன், சண்டையா? பிரிஞ்சிட்டீங்களா?”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். பிறகு என் காதருகே வந்து, தறிச் சத்தத்துக்கு மேல் எழும்ப வேண்டுமே என்பதற்காக, அடிவயிற்றிலிருந்து கத்தி விவரம் சொன்னார். பெரிய பையன் ஏழுமலை திருப்பதியில் லாட்ஜில் இருக்கிறான். பங்கு பிரித்தபோது சொந்தக்காரர்கள் வைத்துப் பேசி, ஆளுக்கு ஒருத்தர் என்று முடிவு செய்தார்கள். அம்மா பெரியவனுக்கு, அப்பா சின்னவனுக்கு. தறியையும் வீட்டையும் பிரித்த மாதிரியே. இந்தப் பக்கத்தில் இது புதிதல்ல. நானே பல வீடுகளில் எழுதியிருக்கிறேன்.

“அப்ப அவங்கள பாக்கறதே இல்லையா?” என்று கத்தினேன்.

“ஏன் இல்ல? மாசாமாசம் எங்க போறேன்ற? மலைக்கா போறேன்? மலையும் இல்ல, சாமியும் இல்ல! பொண்டாட்டிய பாக்கத்தான் போறேன்! நாமத்த அவதான் போட்டு அனுப்புவா!”

‘மலைக்கா போறேன்’ வரைக்கும் தறி ஓடியது. அதன் பிறகு கரண்ட் போனது.

விசைத்தறித் தெருவில் கரண்ட் போவதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். சத்தம் குறைவதில்லை, அறுந்து விழும். அந்த அமைதியில் நாலு வீடு தாண்டித் தட்டு வைத்தாலும் கேட்கும். முனுசாமியின் மிச்ச வாக்கியம், அடிவயிற்றுக் குரலோடு, தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பியது.

அவர் தலையைக் குனிந்தார்.

பயிற்சியில் அந்தப் பெரியவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பழக்க தோஷத்தில் என் வாய் அதுபாட்டுக்கு அடுத்த கேள்விக்குப் போய்விட்டது, அதே மேடைக் குரலில்: “உடை மாற்ற, குளிக்க உங்களுக்கு யார் உதவுகிறார்கள்?”

தெரு சிரித்தது. ஒரு வீட்டிலிருந்து யாரோ, “அத திருப்பதில போய் கேளு சாரு” என்றார்கள். இன்னொரு குரல், “கோயிந்தா, கோயிந்தா” என்றது. இந்திராம்மா வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்தார். “அப்ப நாங்க இத்தினி நாளா கண்ணுல ஒத்திக்கினது இன்னா லட்டு?” சேகர் தறிக்குப் பின்னால் நின்றுகொண்டு நூல் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். மாதாமாதம் சாமிக்கு என்று பஸ் காசு கொடுத்தவன் அவன். முனுசாமி மட்டும் நூல் சுற்றுவதை நிறுத்தவில்லை. அதற்குக் கரண்ட் வேண்டாம், கை ராட்டினம். தெரு முழுக்க அந்த ராட்டினத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

சேகரின் மனைவி கொண்டுவந்து வைத்த மோரைக் குடிக்காமல் கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் லாவண்யா, “சார், அந்த நாலு போட்டீங்களா?” என்று கேட்டாள். போட்டிருந்தேன்.

எங்கள் ஆய்வின் முறை இரட்டை முறை. அப்பா அம்மாவை ஒரு வீட்டில் கேட்டால், பிள்ளையை அவன் வீட்டில் போய்த் தனியாகக் கேட்க வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் மூச்சுவிடக் கூடாது. இது விதிகளுக்கெல்லாம் பெரிய விதி. இப்போதும் அதை மாற்றியிருக்க மாட்டார்கள், மாற்றவும் கூடாது.

நகரிக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஏழுமலையின் முறை வந்தபோது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜ். ஏழுமலை தன்னை மேனேஜர் என்றார். ரூம் பையன்களுக்கு மேஸ்திரி என்பதுதான் கிட்டத்தட்டச் சரி. லாட்ஜின் பின்புறம் அவருக்கு இரண்டு அறை வீடு. மனைவி குவைத்தில்.

“அங்க ஒரு பெரியம்மாவ பாத்துக்கறா சார். குளிப்பாட்டறது, துணி மாத்தறது, ஊட்டி உடறது எல்லாம் இவதான். அந்தம்மாவுக்கு இவ இல்லன்னா ஆவாது” என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் கேள்வித்தாள் முழுக்கத் தேடியது அந்த வேலையைத்தான். அது குவைத்தில் இருந்ததால் எழுத இடமில்லை.

“உங்க அம்மா உங்களுக்கு ஏதாவது செய்யறாங்களா?”

“அம்மாவா? அவங்க இன்னா செய்வாங்க, பாவம். சும்மா வூட்ல இருக்காங்க. நாமதான பாத்துக்கணும்.”

அவருக்குப் பின்னால் கன்னியம்மா பேத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். பேரன் வீட்டுப்பாடத்தைத் தெலுங்கில் உரக்கப் படிக்க, புரியாவிட்டாலும், “ஊம், மேல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்பில் சோறு. கொடியில் லாட்ஜின் தலையணை உறைகள், அவர் துவைத்தவை. நான் டிக் போட்டேன். அம்மா எதுவும் செய்வதில்லை.

ஏழுமலையை யாரோ கவுண்டருக்குக் கூப்பிட, எழுந்து போனார். கன்னியம்மா சடையை முடித்துப் பேத்தியை அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

“சாரு, நகரி பக்கமும் போவீங்களா?”

“போவோம்மா.”

“அங்க சேகர்னு… எஞ் சின்னப் பையன் வூடு. போனீங்களா?”

நான் விதியின் ஆள். “ஒரு வீட்ல பேசினத இன்னொரு வீட்ல சொல்லக் கூடாதும்மா” என்றேன், தரையைப் பார்த்து.

அவர் என் குனிந்த தலையைப் பார்த்தார். கை தாலிக்கயிற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“போய்ட்டாரா?” என்றார்.

எங்கே என்று கேட்க நிமிர்ந்தேன்.

“ரெண்டு மாசமா வர்ல. அவன கேட்டா நல்லாத்தான் இருக்காருன்றான். பெத்த புள்ளகிட்ட எத்தினி வாட்டி கேக்கறது, இன்னாடா உங்கப்பன் வர்லன்னு? சிரிக்க மாட்டானா? நீயும் தலைய குனியற. சொல்லு சாரு. எனிக்கி சொல்லாமயே எடுத்துட்டாங்களா?”

தம்பிகளே, கையேட்டில் இதற்குப் பக்கம் கிடையாது. விதியைக் காப்பாற்றினால் அந்தம்மா அங்கேயே கயிற்றை அறுத்துப் போட்டுவிடுவார்போல் இருந்தது. நான் விதியை விட்டேன். உயிரோடு இருக்கிறார், நன்றாக இருக்கிறார், போன வாரம் அதே தெருவில் வேறு வீட்டுக்குப் போனபோதுகூடப் பார்த்தேன், தெருவில் கேலி தாங்காமல்தான் வரவில்லை என்றேன். என்ன கேலி என்று கேட்டார். நான் கத்தியதையும், அவர் கத்தியதையும், கரண்ட் போனதையும், பிறகு நான் கேட்ட கேள்வியையும் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்து, பிறகு சட்டென்று நிறுத்தினார்.

“எத்தினி மணிக்கி போவும் அங்க கரண்டு?”

“மத்தியானம். தினமும் அதே நேரம்தான்.”

“வர்ற சனிக்கெயம போறேன். நீயும் வா.”

“நான் எதுக்கும்மா?”

“நீதான கேட்ட அவர? என்னையும் கேளு. அதே எடத்துல.”

போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். மறு சரிபார்ப்பு என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஏழுமலையையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தம்பி வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பங்கு விஷயம் என்று நினைத்து ஏழுமலை வெள்ளைச் சட்டையோடு கிளம்பிவிட்டார். தெரு ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மாவை வாசலில் கண்டதும் முனுசாமி எழுந்தார், துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி உட்கார்ந்து நூலைப் பார்த்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை உட்காருவது மாதிரி இருந்தது. சேகரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்துவிட்டு, கன்னியம்மா வாசலில் நூல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, தெருவைப் பார்க்க உட்கார்ந்தார். யார் என்ன கேட்டாலும் காதைத் தொட்டு, சத்தம் என்று கை காட்டினார். காத்திருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. எதிர் வீட்டு வாசலில் இந்திராம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார், முறத்தில் ஒன்றுமில்லாமலே.

கரண்ட் போனது.

“இப்ப கேளு சாரு” என்றார் கன்னியம்மா.

நான் மேடைக் குரலை விட்டுவிட்டுக் கேட்டேன்: “உங்க வீட்டுக்காரர் உங்ககூட இருக்காராம்மா?”

“இல்ல.” குரலை அவர் உயர்த்தவே இல்லை. தேவைப்படவில்லை. “நான் ஒரு வூட்ல, அவரு ஒரு வூட்ல.”

“எம்மா” என்றான் சேகர், “தெருவுல வச்சி மானத்த வாங்காத. உள்ள வந்து பேசு.”

“தெருவுல வச்சித்தான்டா அவரு மானம் போச்சி. உள்ள வந்து பேசினா திரும்பி வந்துடுமா? சாரு, அடுத்தத கேளு.”

“பிள்ளைங்க உங்கள… எப்படிப் பார்த்துக்கறாங்க?”

“நல்லாத்தான் பாத்துக்கறாங்க. கொற ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் நல்ல புள்ளைங்க.” தெருவைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “ஒரு ஜோடி செருப்ப ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கினு போய், தொடச்சி, பத்திரமா அவனவன் வூட்ல வச்சிக்கினு இருக்கான். ஒண்ணும் கெட்டுப்போவல. ஆனா எவன் கால்ல போட்டுக்கினு எங்க போறது?”

யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலைக்கு முகம் கறுத்துவிட்டது. “இப்ப இன்னாத்த சொல்ல வர்ற? இங்கயே இருக்கணும்ன்றியா? நீ இங்க வந்துட்டா பசங்கள யாரு பாக்கறது? சோறாக்கறது யாரு? அவ வர்றதுக்கு இன்னும் எவ்ளோ நாளு இருக்குது.”

“அதுக்கின்னு நைனாவ நீ இட்டுக்கினு பூடுவியா?” என்று சேகர் பாய்ந்தான். “அவரு போயிட்டா தறிக்கி யாரு நூல் சுத்தறது? கூலிக்கு ஆளு வச்சா எனக்கு இன்னா மிஞ்சும்?”

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் கேட்டது. தெருவுக்கும் கேட்டது. அப்பா சும்மா குந்திக்கினு இருப்பாரு என்று எனக்குச் சொன்னவன் சேகர். அம்மா இன்னா செய்வாங்க பாவம் என்று சொன்னவர் ஏழுமலை. இரண்டையும் டிக் போட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பியவன் நான். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்திராம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். அவருக்கு வேறு கவலை. “அது சரி கன்னிமா, அந்த லட்டு?”

“லட்டு நெசந்தான்டி. மலைக்கி போய் வந்தவங்க லாட்ஜ்ல எங்கைல குடுத்துட்டு போறது. நீ ஒத்திக்கினது வீணாவல.”

முனுசாமி கூடையிலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தறியோரம் அடுக்கினார். எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு மஞ்சள் பையோடு வந்தார். சேகரின் தோளில் கை வைத்து, “நான் திருப்பதிக்கி போறேன்டா” என்றார். கொஞ்சம் யோசித்து, “இந்தவாட்டி நெசமா” என்றார்.

தெருவில் அவர்கள் நடந்து போனபோது கரண்ட் வரவில்லை. முனுசாமி முன்னால் போனார், கன்னியம்மா இரண்டடி பின்னால். தெருமுனை தாண்டும்வரை அவர்கள் செருப்புச் சத்தம் கேட்டது. ஒருவரும் கோவிந்தா போடவில்லை.

இதில் நான் ஏதோ நல்லது செய்துவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். சேகர் நூல் சுற்றக் கூலிக்கு ஆள் வைத்துத் திணறினான். ஏழுமலைக்குச் சம்பளமில்லாத ஆள் இரண்டாகக் கிடைத்தது, அவ்வளவுதான். விதியை மீறுங்கள் என்பதும் இதன் பொருள் அல்ல. நான் மீறியது ஏற்கனவே கெடுத்ததைச் சொல்வதற்காக. நாம் அளக்கப் போகும் இடத்தில் மனிதர்கள் தங்கள் வெட்கத்தை எங்கேயாவது மூடி வைத்திருப்பார்கள், ஒருவர் சாமி பேரில், ஒருவர் பிள்ளை பேரில். நம் கேள்வி அதன்மேல் படாமல் போகாது. அந்த இடத்தில் நமக்கும் கொஞ்சம் கூச வேண்டும். கூச்சம் விட்டுப்போன அன்று வேறு வேலை பாருங்கள். நான் பார்க்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

அடுத்த சுற்றில் ஏழுமலை வீட்டுக்கு மறுபடி போக வேண்டி வந்தது. லாட்ஜின் பின்புறத்து வீட்டு முன்னறையில் முனுசாமி ஸ்டூலில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கன்னியம்மாவின் குரல், யாரையோ அதட்டிக்கொண்டு. நெற்றியில் நாமம் இல்லை.

“மலைக்குப் போய் வந்தீங்களா?” என்றேன், பேச்சைத் தொடங்க.

“இங்கதான இருக்குது. அவசரம் இன்னா?”

நான் கேள்வித்தாள் செருகிய அட்டையை எடுத்தேன். மனைவி கூட இருக்கிறாரா என்ற கேள்வியில் பேனாவை வைத்து வாயைத் திறந்தேன். முனுசாமி தலையைத் தூக்கி, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். அது ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று நிதானமாகப் பார்த்தார். பிறகு ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காதை என் வாயருகே கொண்டுவந்தார்.

“மெதுவா கேளு சாரு” என்றார்.

நான் பேனாவை மூடினேன்.